புது காரில் உதறலும் கடகட சத்தமும்: எங்கிருந்து வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

புதுசாக ஒரு சின்ன கார் வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. குறிப்பிட்ட ஒரு வேகம் வந்ததும் ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. அல்லது டேஷ்போர்டுக்குள் எங்கேயோ ஏதோ ஒன்று ‘டிக் டிக்’ என்று தட்டிக்கொண்டே வருகிறது. யாரிடம் சொன்னாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் கிடைக்கும். “புது வண்டிதானே, ஓட ஓட செட் ஆயிடும்” என்பார்கள். இல்லையென்றால், “இப்ப வர்ற சின்ன வண்டியெல்லாம் தகர டப்பா, அப்படித்தான் இருக்கும்” என்பார்கள்.

இரண்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. சில நடுக்கங்கள் தானாக அடங்கும், சில எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் அடங்காது. சில சத்தங்கள் அந்த மாடலின் இயல்பு, சில உங்கள் வண்டிக்கு மட்டும் வாய்த்த குறை. இவற்றைப் பிரித்தறிய மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்: இது எதைப் பின்தொடர்ந்து வருகிறது? வண்டியின் வேகத்தையா, என்ஜினின் சுழற்சியையா, பிரேக்கையா, ரோட்டின் மேடுபள்ளத்தையா?

## வாஷிங் மெஷினும் ஊஞ்சலும்

வாஷிங் மெஷின் துணியைப் பிழிவதற்காகச் சுழலும் நேரத்தைக் கவனித்திருப்பீர்கள். கனமான போர்வை ஒரு பக்கமாக உருண்டு ஒட்டிக்கொண்டால் மெஷினே இடம் நகர ஆரம்பித்துவிடும். மெஷினில் எந்தப் பழுதும் இல்லை. சுழலும் டிரம்மில் ஒரு பக்கம் கனம் கூடிவிட்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கனம் ஒரு முறை உதறுகிறது.

இன்னொன்றும் நடக்கும். டிரம் வேகமெடுக்கும்போது நடுவில் ஒரு கட்டத்தில் மெஷின் பயங்கரமாக ஆடும். அதைத் தாண்டி இன்னும் வேகமாகச் சுற்றும்போது ஆட்டம் குறைந்துவிடும். வேகம் கூடியும் ஆட்டம் குறைவது எப்படி?

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊஞ்சலுக்கும் போய்வர ஒரு சொந்தத் தாளம் உண்டு. அந்தத் தாளத்துக்குச் சரியாக ஒரு குழந்தை தள்ளினாலும் ஊஞ்சல் உயர உயரப் போகும். தாளம் தப்பினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் எழும்பாது. தள்ளுகிற தாளமும் பொருளின் சொந்தத் தாளமும் ஒன்றாகும்போது ஆட்டம் பெருகுவதைத்தான் ஒத்ததிர்வு என்கிறோம். ஒரு நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்ற கணக்குக்கு அதிர்வெண் என்று பெயர். அதன் அலகு ஹெர்ட்ஸ். நொடிக்குப் பத்து முறை ஆடினால் 10 ஹெர்ட்ஸ்.

காரை இப்படிப் பல ஊஞ்சல்களின் கூட்டமாகப் பார்க்கலாம். ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் பாடி நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும். மேலே ஸ்பிரிங், கீழே டயரின் காற்று என்று இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சக்கரத்தின் சொந்தத் தாளம் ஏறக்குறைய 10 முதல் 15 ஹெர்ட்ஸ். இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உடனே தேவைப்படும்.

## வேகத்தைப் பின்தொடரும் நடுக்கம்: சக்கரம்

15 இன்ச் ரிம் போட்ட சின்ன காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.95 மீட்டர் உருளும். 100 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்குச் சுமார் 28 மீட்டர் போகிறது. வகுத்துப் பார்த்தால், சக்கரம் நொடிக்கு 14 முறை சுற்றுகிறது. 80 கி.மீ. வேகத்தில் 11 முறைக்குச் சற்று மேல். சக்கரத்தின் சொந்தத் தாளம் 10 முதல் 15 என்று பார்த்தோம் அல்லவா? 80 தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்து, 110, 120 போனதும் குறைந்துவிடுவதாகப் பலர் சொல்வதன் காரணம் இதுதான். தள்ளுகிற தாளம் சொந்தத் தாளத்தைத் தொட்டுக் கடந்து போகிறது.

சரி, தள்ளுவது எது? போர்வை மாதிரியே, சக்கரத்தில் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும் சில கிராம் எடைதான். 20 கிராம் என்றால் உள்ளங்கையில் வைத்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் அது ரிம்மின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு 100 கி.மீ. வேகத்தில் சுற்றும்போது, ஏறக்குறைய 3 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளிப்பக்கம் இழுக்கிறது, நொடிக்கு 14 முறை. வேகம் பாதியானால் இந்த இழுப்பு பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். நகருக்குள் ஓட்டும்போது ஒன்றுமே தெரியாத வண்டி, நெடுஞ்சாலையில் ஏறியதும் கையை உதறுவது அதனால்தான்.

இதற்கான வைத்தியம் வீல் பேலன்சிங். சக்கரத்தைக் கழற்றி ஒரு மெஷினில் மாட்டிச் சுற்றுவார்கள். எந்த இடத்தில் எத்தனை கிராம் சேர்த்தால் சமமாகும் என்று அது காட்டும். அந்த இடத்தில் சிறு எடையை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஒரு முறை குனிந்து ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னச் சதுரத் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் துண்டு இல்லாமல் பசைக்கறை மட்டும் நீளமாகத் தெரிந்தால், ஒரு எடை கழன்று விழுந்திருக்கலாம். ரிம்முக்குள் அப்பிக் காய்ந்த சேறும் இதே வேலையைச் செய்யும், அதைக் கழுவினாலே சில வண்டிகள் அமைதியாகிவிடும்.

இங்கேதான் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. உதறுகிறது என்று சொன்னதும் “அலைன்மென்ட் பாருங்க” என்பார்கள். வீல் அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது. அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். நேரடியாக உதறலைத் தருவது அதன் வேலை இல்லை. உதறினால் பேலன்சிங், இழுத்தால் அலைன்மென்ட். இரண்டையும் ஒரே பில்லில் போட்டுவிடுவதால் பலருக்கு இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் விழுந்துவிட்டது.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய குறிப்பு: நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம், இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரம். சந்தேகம் தீரவில்லை என்றால் முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்கும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கிலிருந்து இருக்கைக்குக் குடிபெயர்ந்தால் குற்றவாளி சக்கரம்தான். பேலன்ஸ் செய்த பிறகும் போகவில்லை என்றால் ரிம் வளைந்திருக்கலாம், அல்லது டயரே சரியான வட்டமாக இல்லாமல் இருக்கலாம். எடை ஒட்டி வட்டத்தைச் சரிசெய்ய முடியாது. அந்த டயரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

புது வண்டிக்கே உரிய இரண்டு விஷயங்களும் உண்டு. விற்பனைக்கு வருமுன் வண்டி பல வாரம் ஒரே இடத்தில் நின்றிருந்தால், டயரில் தரையைத் தொட்ட பகுதி லேசாகத் தட்டையாகியிருக்கும். டயர் சூடாகும் அளவுக்கு ஓட்டினால் பெரும்பாலும் அது சரியாகிவிடும். “ஓட ஓட செட் ஆகும்” என்ற பேச்சு உண்மையாகிற சில இடங்களில் இது ஒன்று. அப்புறம், தொழிற்சாலையிலிருந்து அனுப்பும்போது டயரில் காற்றைக் கூடுதலாக அடைத்து அனுப்புவது உண்டு. டெலிவரிக்கு முன் அதைக் குறைக்க வேண்டும். குறைக்க மறந்துவிட்டால் வண்டி கல்லு மாதிரி ஓடும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் சத்தம் போடும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கவாட்டுத் தூணில் சரியான காற்றழுத்தம் எவ்வளவு என்று ஒரு ஸ்டிக்கர் பெரும்பாலும் இருக்கும். வேறு எதையும் தேடுவதற்கு முன், டயர் சூடாகாத நேரத்தில் அதைச் சரிபாருங்கள்.

சுருக்கமாக: வண்டியின் வேகம் மாறினால் நடுக்கமும் மாறுகிறது, எந்த கியரில் போனாலும் அதே வேகத்தில்தான் வருகிறது என்றால், சக்கரம், டயர், ரிம் பக்கம் தேடுங்கள்.

## என்ஜினைப் பின்தொடரும் நடுக்கம்

ஒரே வேகத்தில், உதாரணமாக 80-இல், ஒரு முறை நான்காவது கியரிலும் ஒரு முறை ஐந்தாவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். சக்கரம் இரண்டு தடவையும் ஒரே மாதிரி சுற்றுகிறது. மாறுவது என்ஜினின் சுழற்சி மட்டும்தான். அது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே ஆர்பிஎம். கியரை மாற்றியதும் நடுக்கமும் மாறினால் அது என்ஜின் பக்கத்து விஷயம். ஆட்டோமேட்டிக் வண்டியில், வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மெதுவாக ஆக்சிலரேட்டரை அழுத்திப் பார்க்கலாம். வண்டி நகராமலே நடுக்கம் வந்தால் சக்கரத்தின் மேல் பழி போட முடியாது.

இன்றைய சின்ன கார்கள் பலவற்றில் மூன்று சிலிண்டர் என்ஜின்தான். அதன் நடுக்கத்தைக் குறை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரும் என்ஜின் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு முறைதான் எரிபொருளை எரித்துத் தள்ளுகிறது. வண்டி நிற்கும்போது என்ஜின் 800 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 27 தள்ளுகள், மூன்று என்றால் 20. தள்ளுகள் குறைந்து இடைவெளி கூடும்போது ஒவ்வொரு தள்ளும் தனித்தனியாக உடம்புக்குத் தெரிகிறது. அது போக, மூன்று பிஸ்டன்கள் வரிசையாக ஏறி இறங்கும்போது என்ஜினின் ஒரு முனை எழும்ப மறு முனை தாழ்கிறது. சிறுவர்கள் ஏறி விளையாடும் ஏற்றப்பலகையைப் போல. சில நிறுவனங்கள் இதை எதிர்க்க என்ஜினுக்குள் எதிர்த்திசையில் சுற்றும் ஒரு தண்டை வைக்கின்றன, சில வைப்பதில்லை.

மிச்சம் இருக்கும் ஆட்டத்தை விழுங்குவது என்ஜின் மவுண்ட். என்ஜினை பாடியோடு பிணைக்கும் ரப்பர் தாங்கி அது. ஏசி போட்டதும் என்ஜினுக்குச் சுமை ஏறி, நடுக்கம் லேசாகக் கூடுவது இயல்பு. ஆனால் முதலில் இல்லாத நடுக்கம் திடீரென்று வந்தாலோ, கிளம்பும்போதும் நிறுத்தும்போதும் ‘டொக்’ என்று என்ஜின் இடித்தாலோ மவுண்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். செக் என்ஜின் விளக்கும் எரிந்தால் பேச்சே வேண்டாம், ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இருக்கலாம்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வண்டி நடுங்கி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால், என்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டையும் பரிசோதிக்க வேண்டும்.

## பிரேக் போடும்போது மட்டும்

பிரேக்கை மிதித்தால் மட்டும் ஸ்டீயரிங் ஆடுகிறது, பெடல் காலை மெல்ல உந்துகிறது என்றால் காரணம் பிரேக் டிஸ்க்கில் இருக்கும். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு அது. அதை இருபுறமும் நெருக்கிப் பிடிப்பது பிரேக் பேட். “டிஸ்க் வளைஞ்சுபோச்சு” என்பது வழக்கமான பேச்சு. பெரும்பாலும் அது வளைவதில்லை, அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசம், தலைமுடியைவிட மெல்லியது, காலுக்குத் தெரிந்துவிடும். இறக்கத்தில் பிரேக் நன்றாகச் சூடான பிறகு வண்டியை நிறுத்தி, பெடலை அழுத்திப் பிடித்தபடியே நின்றால் பேடின் அச்சு டிஸ்க்கில் பதிந்து இப்படி ஆகக்கூடும்.

இரண்டு விஷயங்களுக்குப் பயப்பட வேண்டாம். வழுக்கும் ரோட்டில் திடீர் பிரேக் போடும்போது பெடல் ‘தடதட’ என்று அதிர்ந்தால் அது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் விதம், காலை எடுக்காதீர்கள். மழைக்கு அடுத்த நாள் காலையில் முதல் சில பிரேக்குக்கு ‘கறகற’ என்று சத்தம் வருவது டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு, அது தானாகப் போய்விடும்.

## ரோட்டைப் பின்தொடரும் சத்தம்

சத்தங்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தமிழில் நல்ல வசதி இருக்கிறது: கடகட, கறகற, லொடலொட, கிறீச், டொக். இவற்றை ஒர்க்‌ஷாப்பில் சொல்லக் கூச்சப்படாதீர்கள். “சத்தம் வருது” என்பதைவிட “கடகடன்னு வருது” என்பது எத்தனையோ மடங்கு தகவல். ஏனென்றால் சத்தத்தின் சாயலே காரணத்தைச் சொல்லிவிடும்.

கடகட, டிக் டிக் என்றால் இடைவெளி. இரண்டு பொருள்களுக்கு நடுவில் நூலிழை இடம் இருக்கிறது, ரோடு குலுக்கும்போது ஒன்றோடொன்று மோதுகின்றன. தளர்ந்த மூடியோடு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் வரும் சத்தம்தான் இது. இடைவெளியை மூடினால் சத்தம் செத்துவிடும்.

கிறீச் என்றால் உராய்வு. இரண்டு பரப்புகள் ஒட்டிக்கொள்கின்றன, பிறகு விசை கூடியதும் சட்டென்று வழுக்குகின்றன, மறுபடி ஒட்டுகின்றன. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இப்படி ஒட்டி வழுக்குவதுதான் கீச்சுச் சத்தம். கரும்பலகையில் சுண்ணக்கட்டி கத்துவதும் இதனால்தான்.

காலையில் கத்தும் டேஷ்போர்டு மதியம் அமைதியாகிவிடுவதையும், சில வண்டிகளில் அதற்கு நேர்மாறாக நடப்பதையும் பார்த்திருக்கலாம். வெயிலில் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளிப்புகளில் இடைவெளி காலையில் ஒரு அளவு, மதியம் ஒரு அளவு. அதனால் எந்த நேரத்தில், எந்த வெயிலில் சத்தம் வந்தது என்பதையும் குறித்து வையுங்கள்.

தேடும்போது முதல் வேலை வண்டியைக் காலி செய்வது. டேஷ்போர்டு அறை, கதவுப் பைகள், கண்ணாடி வைக்கும் கூடு, இருக்கைக்கு அடி, டிக்கி எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் இறுக்கமாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று அசைத்துப் பாருங்கள். பின் இருக்கையின் பூட்டு, நம்பர் பிளேட், பின்கதவின் ரப்பர் குமிழ் ஆகியவையும் சந்தேக வளையத்துக்குள் வர வேண்டியவை. அப்புறம் வேறு ஒருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு இடமாகக் கையால் அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் இடைவெளி. ஓட்டிக்கொண்டே தேடுவது ஆபத்து, அதைச் செய்யவே கூடாது.

என் வண்டியில் ஒரு ‘டிக் டிக்’ மூன்று வாரம் என்னைப் படுத்தி எடுத்தது. இரண்டு முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். இரண்டு முறையும் அங்கிருந்த தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், “சத்தமே வரலையே” என்றார். உண்மையில் வரவில்லை. திரும்பித் தனியாக வரும்போது அதே சத்தம். கடைசியில் ஒரு நாள் சிக்னலில் நின்றபோது பக்கத்து இருக்கையின் சீட் பெல்ட்டைப் பார்த்தேன். அதன் உலோக நாக்கு தொங்கி, தூணின் பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. யாராவது உட்கார்ந்து பெல்ட் போட்டால் நாக்கு அங்கே இருக்காது, சத்தமும் இருக்காது. அந்த இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டுத் துணி டேப் ஒட்டினேன், தீர்ந்தது. எப்போது வரவில்லை என்பதும் எப்போது வருகிறது என்பதற்குச் சமமான தடயம் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஒரு எச்சரிக்கையை அழுத்தியே சொல்ல வேண்டும். கண்ணாடி ஓரத் தூண்கள், கூரையின் ஓரம், இருக்கையின் பக்கவாட்டு ஆகியவற்றுக்குள் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். சத்தத்தை நிறுத்துவதற்காக அங்கே ஸ்பாஞ்சு திணிக்காதீர்கள், மூடியைக் கழற்றாதீர்கள். கதவு ரப்பருக்கு சிலிக்கான் ஸ்பிரே போடலாம், பெட்ரோலியம் கலந்த எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். எந்த ஸ்பிரேயும் பிரேக் பக்கம் போகக் கூடாது.

வண்டிக்கு அடியிலிருந்து வரும் ‘டொக் டொக்’ வேறு வகை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க்கைச் சந்தேகிக்கலாம். இடது, வலது சஸ்பென்ஷனை இணைக்கும் தண்டின் முனையில் உள்ள சிறு மூட்டு அது. குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் தகரம் ‘ஜிர்ர்’ என்று பாடினால் சைலன்சர் குழாயின் மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டின் போல்ட் தளர்ந்திருக்கும். வேகத்தோடு ஏறும் ‘ஊம்ம்’ என்ற முனகல், வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கூடினால், சக்கரத்தைத் தாங்கி லகுவாகச் சுழலவிடும் வீல் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

இதுவரை பார்த்தது: மோதினால் கடகட, உராய்ந்தால் கிறீச். உள்ளே வரும் சத்தம் பெரும்பாலும் எரிச்சல் மட்டும், அடியிலிருந்து வருவதைக் கட்டாயம் தூக்கிப் பார்க்க வேண்டும்.

## உடனே நிறுத்த வேண்டியவை

டயர் மாற்றிய ஓரிரு நாளில் நடுக்கம் தொடங்கி, நிமிடத்துக்கு நிமிடம் கூடுகிறதா? வீல் நட்டு தளர்ந்திருக்கலாம். ஓரமாக நிறுத்துங்கள். டயரின் பக்கவாட்டில் கொப்புளம் போல உப்பியிருந்தால் அந்த டயரில் ஒரு கிலோமீட்டரும் ஓட்ட வேண்டாம். பிரேக்கில் இரும்பும் இரும்பும் அரைக்கும் சத்தம், ஸ்டீயரிங்கில் திடீர்த் தொளதொளப்பு, இவற்றுக்கும் அதே பதில்தான்.

## குறையா, இயல்பா?

“எல்லா வண்டியும் இப்படித்தான்” என்று சொன்னால் கோபப்படாமல் ஒன்று கேளுங்கள்: அதே மாடல், அதே என்ஜின் உள்ள இன்னொரு வண்டியை அதே ரோட்டில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாமா? அதிலும் இருந்தால் அது வடிவமைப்பின் இயல்பு, மவுண்ட்டை எத்தனை முறை மாற்றினாலும் போகாது. அதில் இல்லை என்றால் உங்கள் வண்டியில் குறை, வாரண்டியில் சரிசெய்யக் கேட்க உங்களிடம் நல்ல வாதம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நியாயமான சோதனை இல்லை.

ஒரே குறை பல வண்டிகளில் வந்தால் நிறுவனம் இரண்டு விதமாகக் கையாளும். பாதுகாப்பைப் பாதிப்பதாக இருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வார்கள், அது ரீகால். வெறும் சத்தம், நடுக்கம் என்றால் எந்தப் பாகத்தை எப்படி மாற்றுவது என்று ஒர்க்‌ஷாப்புகளுக்கு மட்டும் தொழில்நுட்பக் குறிப்பு அனுப்புவார்கள். அது உங்கள் வீட்டுக்குத் தபாலில் வராது. “இதற்கு நிறுவனத்திலிருந்து ஏதாவது குறிப்பு வந்திருக்கிறதா?” என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வண்டியை விடும்போது உங்கள் புகாரைக் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். “வைப்ரேஷன் புகார்” என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். “85 முதல் 105 வரை ஸ்டீயரிங் நடுங்குகிறது, நான்கு, ஐந்து இரண்டு கியரிலும், பிரேக் போடாதபோதும், வண்டி சூடான பிறகும்” என்று எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரியே என்ஜினையும் பிரேக்கையும் தட்டையான டயரையும் ஏறக்குறைய விலக்கிவிடுகிறது. மெக்கானிக் நேராகச் சக்கரத்துக்குப் போவார். கார்டின் நகலை வாங்கி வையுங்கள். வாரண்டி முடிந்த பிறகு அதே குறை திரும்பி வந்தால், முன்பே சொன்னதற்கு அதுதான் சாட்சி.

சரிசெய்துவிட்டோம் என்று சாவியைக் கொடுத்ததும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். யார் வேலை பார்த்தாரோ அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதே ரோட்டில் அதே வேகத்துக்கு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பிறகு அவரை இறக்கிவிட்டுவிட்டுத் தனியாகவும் ஒரு சுற்று.